அத்தானின் பதினான்கு தடிகள்

நேற்றிரவு ரொறன்ரோவிலிருந்து அத்தான் வீடியோ கோலில் வந்தார். சுகம் கேட்கவில்லை. “தம்பி, போனை அந்தப் பைப் பக்கம் திருப்பு” என்றார். திருப்பினேன். “சிப்பைத் திற.” திறந்தேன். “ஏழாம் நம்பர் இரும்பின்ரை கழுத்திலை என்ன அது சிவப்பா?” துரு என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசியதை அச்சில் போட முடியாது. பின்னாலிருந்து அக்கா, “கத்தாதேங்கோப்பா, பிரஷர் ஏறப்போகுது” என்றது மட்டும் போடலாம்.

ஒரு கோல்ஃப் தடியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். அந்தப் பை எங்கள் வீட்டுக்கு வந்த நாள்முதல் கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

போன திருவிழாவுக்கு அத்தான் வந்தபோது கொண்டுவந்த பை அது. எங்கள் மயிலிட்டியில் கோல்ஃப் திடல் கிடையாது. நுவரெலியாவில் 1889 முதல் இருக்கிறது. கொழும்பிலும் இருக்கிறது, களனிவெளி ரயில் அதற்கு ஊடாகவே ஓடுகிறது. சீனன்குடாவில் விமானப்படை ஒன்று வைத்திருக்கிறது. அத்தான் இதில் ஒன்றையும் எட்டிப் பார்க்கவில்லை. துறைமுகத்தடியில் தடியோடு நின்று படம் எடுத்தார், அவ்வளவுதான். திரும்பிப் போகும்போது ஒடியல்மா, பனாட்டு, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் பெட்டியில் ஏற, தடிகள் இறங்கின. “வருஷா வருஷம் வாறன்தானே, இங்கை கிடக்கட்டும்.” மூத்த அக்காவின் புருஷனுக்கு ‘ஏலாது’ என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

கிடக்கட்டும் என்றவர் சும்மா கிடக்கவிட்டாரா? தடியின் முகத்தில் இருக்கிற கோடுகளுக்குள் மண் நிற்கக்கூடாது. இளஞ்சூட்டு நீர், சவர்க்காரம், பழைய பல்லுத் தூரிகை. கழுவினால் உடனே துடைக்க வேண்டும். பிடியில் எண்ணெய்க் கை படக்கூடாது. வெயிலில் வைத்தால் தலையையும் தண்டையும் ஒட்டியிருக்கிற பசை இளகும். கடைசியாக, உப்புக் காற்றுப் படக்கூடாது. மயிலிட்டியில் ஒரு பொருளை உப்புக் காற்றுப் படாமல் வைப்பதென்றால் அதைச் சுன்னாகத்தில்தான் வைக்க வேண்டும். இதில் இன்னொரு கூத்து, துருப்பிடிக்கட்டும் என்றே முலாம் பூசாமல் விற்கும் வெட்ஜ் தடிகளும் உலகத்தில் உண்டாம். அதற்கும் விலை குறைவில்லை. அத்தானிடம் இருப்பது அந்தச் சாதி இல்லை.

துறைமுகத்துப் பெடியன் ஒருவன் வந்து தண்டைத் தட்டிப் பார்த்தான். “அண்ணை, இது எந்த மீனுக்கு?” அவனில் பிழையில்லை. தூண்டில் தடிக்கும் இதற்கும் ஒரே கார்பன் நார்தான். அவன் கடலால் வந்ததும் என்ஜினுக்கு நல்ல தண்ணீர் அடிக்கிறான், வலையைப் பொத்துகிறான், விடியமுன் மறுபடி கடலுக்குக் கொண்டுபோகிறான். பராமரிப்பு என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஏன் பதினான்கு? அதற்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று 1938இல் அமெரிக்காவிலும் அடுத்த வருடம் பிரித்தானியாவிலும் சட்டம் போட்டார்கள். அதற்கு முன் சிலர் இருபதுக்கு மேலே சுமந்தார்கள். சுமந்தார்கள் என்றால், பை தூக்குகிறவன் சுமந்தான். டிரைவர் என்ற தடியின் தலை 460 கன சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது, அதாவது அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. பந்து 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது. 1848 அளவில் அந்தப் பந்தைக் குட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்யத் தொடங்கினார்கள். மரம் மலாயாப் பக்கத்தது. எங்கள் ஆட்கள் மலாயாவிலிருந்து பென்சன் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரன் பந்துக்குப் பால் கொண்டுபோனான். அடிபட்டுக் கீறல் விழுந்த பந்துதான் புதுப்பந்தைவிட நன்றாகப் பறக்கிறது என்று அப்போது கண்டுபிடித்தார்கள். இன்றைக்குப் பந்து முழுக்கக் குழி இருப்பது அதனால்தான். பாவித்த சாமான் புதுச் சாமானை வென்ற கதை. அத்தானுக்குச் சொன்னேன், பிடிக்கவில்லை.

தடிகளைவிட என்னைக் கவர்ந்தது அவற்றின் உறைகள். டிரைவருக்குப் பஞ்சு வைத்த தொப்பி. இரும்புகளுக்கு நம்பர் போட்டுத் தனித்தனிச் சட்டை. பட்டர் என்ற தடிக்கு வெல்வெட், அதற்குக் காந்தப் பூட்டு. பைக்கு மழைக்கோட்டு. இதையெல்லாம் கண்டபிறகு இந்த விளையாட்டை ஸ்கொட்லாந்துக்காரர் தொடக்கினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது எங்கள் வேலை. றிமோட்டுக்குப் பொலித்தீன் போடுவது யார்? பொலித்தீன் கழராமல் றப்பர் பாண்ட் போட்டு, பற்றரி மாற்றுவதென்றால் வீட்டில் மூன்று பேரைக் கூட்டி வைத்து அவிழ்ப்பது யார்? செற்றியில் பொலித்தீன், வியர்வையில் ஒட்டி எழும்பும்போது சத்தம் போடுகிறது என்று அதற்கு மேல் துவாய், துவாய் ஊத்தையாகுமே என்று வந்தவரைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்துவது. ஃபிரிட்ஜின் தலையில் விரிப்பு, கைபிடிக்குச் சட்டை. தையல் மெஷினுக்குப் பூப்போட்ட உறை, அந்த உறைக்கு மேல் ஆச்சியின் பழஞ்சேலை. கார் சீற்றின் பொலித்தீனை உரிப்பது அந்தக் காரை விற்கிற அன்றைக்கு. அதையும் வாங்குகிறவன் விடமாட்டான், “கிடக்கட்டும் அண்ணை” என்பான்.

அம்மாவின் சோகேசில் ஒரு சீனக் கோப்பை செற் இருந்தது. அதில் ஒருவரும் ஒருநாளும் தேத்தண்ணி குடித்ததில்லை. 1990 ஆனியில், சண்டை தொடங்க, இரண்டு கிழமையில் வந்துவிடலாம் என்று பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினோம். 2017 ஆடியில் ஆமி துறைமுகத்தை விட்டது. அதோடு எங்கள் பக்கமும் போய்ப் பார்க்கக் கிடைத்தது. அத்திவாரம் இருந்தது. கோப்பைகள் போனதில் எனக்குப் பெரிய ஆத்திரம் இல்லை, வீடே போனது. யாரோ ஒருவன் அவற்றில் தேத்தண்ணி குடித்திருப்பான், நாங்கள் குடிக்கவில்லை. அந்த ஆத்திரம்தான் இன்னும் ஆறவில்லை.

இப்போது கட்டிய வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நாங்கள். மற்றதில் பை, பையைச் சுற்றிப் பழைய விரிப்பு, ஈரம் இழுக்கவென்று அத்தான் கனடாவிலிருந்து அனுப்பிய பொட்டலங்கள். விருந்தாளி வந்தால் விறாந்தையில் படுக்கிறார்.

தடியை எப்படித் தெரிவு செய்வது என்று சொல்ல வந்தேன் அல்லவா? அது தண்டின் விறைப்பில் தொடங்க வேண்டிய விஷயம், இங்கே இடம் போதாது.

ஆவணியில் பிளேன் ஏறப்போகிற அத்தான்மாரே, வாருங்கள், உங்கள் ஊர். எவ்வளவு நாளும் நில்லுங்கள். ஆனால் கொண்டுவருகிற சாமானைத் திருப்பிக் கொண்டுபோங்கள். உங்களுக்கு அங்கே பேஸ்மென்ற் இருக்கிறது. இதற்கிடையில் பதினான்கு தடிகளும் தொப்பிகளோடு யாருக்காவது தேவை என்றால் மயிலிட்டிப் பக்கம் வந்து விசாரியுங்கள். விலை பேசலாம். அக்காவின் காதுக்கு மட்டும் போகக்கூடாது.