திரிப்ளோவுக்கு ஒரு வான் நிறையச் சனம்

லண்டன் தமிழருக்கு ஆண்டுக் கடமைகள் சில உண்டு. ஓகஸ்டில் ஈலிங் அம்மன் தேர். பள்ளி விடுமுறையில் பாரிஸ் லா சப்பலுக்கு ஒரு நடை. சனிக்கிழமைகளில் யாரோ ஒருவர் வீட்டுச் சாமத்தியச் சடங்கு. எங்கள் குடும்பத்துக்கு இவற்றோடு ஒன்று கூடுதல். மார்ச் கடைசியில், கேம்பிரிட்ஜ்ஷயர் வயல்களுக்கு நடுவே இருக்கும் திரிப்ளோ என்ற கிராமத்தின் டாஃபடில் விழாவுக்குப் போவது. பூப் பார்க்கப் போவதாக வெளியாருக்குச் சொல்லிக்கொள்கிறோம். பூவை ஒழுங்காகப் பார்த்தவர் எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் இல்லை.

தொடக்கி வைத்தவர் பெரியப்பா. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையைப் பாடமாக்கி ஒப்புவித்து, ஒரு வரி தவறியதற்கு அடியும் வாங்கியவர். பூவை மட்டும் கண்டதில்லை. நீர்வேலியில் வாழை உண்டு, வெங்காயம் உண்டு, போயிலை உண்டு; டாஃபடிலுக்கு எங்கே போவது? லண்டனுக்கு வந்ததும், தனக்கு அடி வாங்கித் தந்த பூவை ஒருதரம் நேரில் விசாரிக்கவேண்டும் என்று நினைத்தார்.

கவிஞர் தான் தனியாகத் திரிந்தபோது அந்தப் பூக்களைக் கண்டதாகப் பாடிவைத்திருக்கிறார். உண்மையில் 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வோட்டர் ஏரிக்கரையில் தங்கை டொரதியும் கூடவே நடந்தார். கண்டதை முதலில் நாட்குறிப்பில் எழுதியவரும் அவர்தான். அண்ணனின் கவிதை 1807இல் அச்சேறியபோது தங்கை அதில் இல்லை. எங்கள் குடும்பத்தில் இது நடக்காது. முதலில், யாரையும் தனியாகத் திரிய விடமாட்டோம். அடுத்தது, கூட வந்த தங்கையின் பெயரை விட்டால் அவள் அடுத்த கலியாணத்துக்கு வரமாட்டாள்.

போகிற நாளில் விடிவதற்கு முன்பே சமையலறையில் எண்ணெய் கொதிக்கும். றோல்ஸ், பற்றீஸ், புளிச்சாதம், பொரித்த மிளகாய், இரண்டு பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி. 'அங்கே கடை இல்லையா?' என்று புது மருமகன் யாராவது கேட்பது உண்டு. அதற்குப் பிறகு கேட்கமாட்டார். ஈஸ்ட் ஹாமிலிருந்து எம்11 நெடுஞ்சாலையில் ஏறிப் பத்தாம் சந்தியில் இறங்கவேண்டும். ஒரு மணித்தியாலம், கூடிப்போனால் ஒன்றேகால். அதற்குள் இரண்டு சுற்றுச் சாப்பாடு முடிந்திருக்கும். நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளும் ஞாயிறும் இந்தப் பருவத்தில்தான் வரும். அன்றைக்கு அம்மா பழைய நேரத்துக்கும், மச்சாள் புதிய நேரத்துக்கும், சித்தப்பா வழக்கம்போலத் தன் சொந்த நேரத்துக்கும் வந்து சேர்வார்கள்.

திரிப்ளோ சின்ன ஊர். புல்லால் வேய்ந்த கூரை வீடுகள், பழைய கொல்லன் பட்டறை, மேட்டில் புனித ஜோர்ஜ் தேவாலயம். வாசலில் டிக்கெட் வாங்கச் சொன்னதும் அம்மா நின்றுவிட்டார்.

"றோட்டோரத்தில நிக்கிற பூவைப் பாக்கக் காசோ?"

தேவாலயத்துக்குப் பணம் தேவைப்பட்டு ஊர்ச்சனம் 1969இல் தொடங்கிய விழா இது, இப்போது சேரும் பணம் தருமத்துக்குப் போகிறது என்று விளக்கினேன். அம்மாவின் முகம் மாறியது.

"கோயில் திருப்பணியோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே." கைப்பையைத் திறந்தபடி சுற்றுமுற்றும் பார்த்தார். "காசு குடுத்த ஆக்களின்ர பேர் எங்க எழுதியிருக்கு?"

குழல் விளக்கில்கூட உபயகாரர் பெயர் எழுதும் மரபில் வந்தவருக்கு இந்த ஊர்த் தேவாலயம் இன்னும் புதிர்தான்.

பூ என்றால் அம்மாவுக்கு மூன்று கேள்வி. சாமிக்கு வைக்கலாமா, தலையில் வைக்கலாமா, கறி வைக்கலாமா? சாமிக்கு வைக்க, பறிக்க விடமாட்டார்கள். தலையில் வைக்க, காம்பு ஒரு சாண் நீளம். மணமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மூன்றாவது கேள்வியில்தான் ஆபத்து. டாஃபடிலின் கிழங்கு பார்வைக்கு அசல் வெங்காயம். தின்றால் வாந்தி, வயிற்றோட்டம். இந்தச் சந்தேகம் அம்மாவுக்கு மட்டும் வந்ததல்ல. 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பே சூப்பர்மார்க்கெட்டுகளுக்குக் கடிதம் எழுதி, டாஃபடிலை மரக்கறிக்குப் பக்கத்தில் அடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. மொட்டுத் தண்டைச் சீனக் கீரை என்று நினைத்துச் சமைத்தவர்களும் இருந்தார்கள். அம்மா அசரவில்லை. "எங்கட கார்த்திகைப்பூக் கிழங்கும் நஞ்சுதானே" என்றார், நஞ்சிலும் நாம் பின்தங்கவில்லை என்ற திருப்தியோடு.

டாஃபடிலுக்காக நானும் கொஞ்சம் வாதாடினேன். அல்ஸைமர் நோயாளிகளுக்குக் கொடுக்கும் கலன்டமின் என்ற மருந்தை இதிலிருந்து எடுக்கிறார்கள், அதற்காகவே வேல்ஸ் மலைப்பக்கத்தில் பயிரிடுகிறார்கள், ஞாபகசக்திக்கு உதவும் என்றேன்.

"அப்ப சித்தப்பாவுக்கு ரெண்டு கட்டு வாங்கு."

பெரியப்பா இதற்குள் காணாமற் போயிருப்பார். தேட வேண்டியதில்லை. ஊர் எல்லையில் ஏதாவது ஒரு வயல் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். பூவை விசாரிக்க வந்தவர் முதல் வருகையிலேயே அதை மன்னித்துவிட்டார் போலும். அன்றிலிருந்து மண்ணைத்தான் விசாரிக்கிறார். குனிந்து ஒரு பிடி அள்ளி, பிசைந்து, மணந்து, அதில் கிடக்கும் வெள்ளைக் கட்டியை நகத்தால் சுரண்டுவார். இந்தப் பக்கமெல்லாம் அடியில் சுண்ணாம்புப் பாறை. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பதும் சுண்ணக்கல்தான். "அடி ஒண்டுதான்" என்று ஆண்டுதோறும் அதே வியப்போடு அறிவிப்பார். பிறகு அதே கவலை வரும்: "இவ்வளவு தோட்டத்துக்கும் ஒரு கிணறு காணேல்லையே!" கேம்பிரிட்ஜ் நகரம் குடிப்பதே இந்தப் பாறைக்குள் ஊறும் தண்ணீரைத்தான் என்று சொன்னால் சமாதானமாகிவிடுவார், அடுத்த மார்ச் வரை.

இந்த ஊருக்குச் சரித்திரமும் உண்டு. 1647 ஜூன் மாதம், அரசனைத் தோற்கடித்த பாராளுமன்றப் படை திரிப்ளோ வெளியில் கூடியது. சம்பளப் பாக்கியைத் தராமல் பாராளுமன்றமே படையைக் கலைக்கப் பார்த்தது என்று கோபம். ஃபேர்ஃபக்ஸ் இருந்தார், குரொம்வெல் இருந்தார். வந்த பேச்சுவார்த்தைக்காரரிடம் படைவீரர்கள் நியாயம் கேட்டுக் கத்தினார்கள். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்த காலத்தில் சம்பளத்துக்கு இழுத்தடிக்கப்பட்ட சித்தப்பாவுக்கு, இங்கிலாந்துச் சரித்திரத்தில் பிடித்த ஒரே இடம் இதுதான். பூவிழாவுக்கு அவர் வருவதும் இதற்காகத்தான். ஒருதரம் அந்த வெளிப்பக்கம் பார்த்துத் தலையசைத்துவிட்டு வானுக்குள் படுத்துவிடுவார்.

பிள்ளைகளுக்குக் கனத்த குளம்புக் குதிரைகளும் பழைய டிராக்டர்களும் போதும். காலில் மணி கட்டி, தடியால் தட்டி ஆடும் மொரிஸ் நடனக்காரரைக் கண்டதும் அம்மா ஒரு கதிரையைத் தேடி முன்வரிசையில் போட்டுக்கொள்வார். "சலங்கையும் இருக்கு, கோலாட்டமும் இருக்கு. தாளம்தான் கொஞ்சம் தளம்புது." ஆடுபவர்கள் பெரும்பாலும் ஓய்வூதிய வயதுக்காரர்கள். முடிந்ததும் அவர்களில் ஒருவருக்கு அம்மா றோல்ஸ் நீட்டாத ஆண்டு இல்லை. உள்ளே இருக்கும் மிளகாய்க்கு அந்த மனிதர் ஆடும் ஆட்டத்தில் தாளம் தவறாது.

இந்த வழக்கத்தை மாற்ற ஒருமுறை மச்சாள் முயன்றார். லிங்கன்ஷயரில் ஸ்போல்டிங் என்ற ஊரில் 1959 முதல் டுலிப் ஊர்வலம் நடந்துவந்தது. பணமில்லாமல் 2013இல் நின்று, 2023இல் திரும்ப வந்தது. கிழங்கு பருக்கவேண்டும் என்று கமக்காரர் டுலிப் பூவின் தலையைக் கிள்ளிவிடுவார்கள். வீணாகப் போகும் அந்தத் தலைகளை இலட்சக்கணக்கில் குத்தி ஊர்திகளை அலங்கரித்த விழா அது. பெரியப்பா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "போயிலைக்கும் அப்பிடித்தானே! பூவைக் கிள்ளினால்தான் இலை தடிக்கும்." கிட்டத்தட்டச் சம்மதித்தும்விட்டார். ஆனால் ஸ்போல்டிங் இருமடங்கு தூரம். அதோடு ஊர்வலம் மே மாதத்தில். மே என்றால் கலியாண சீசன், மண்டபங்களே கிடைக்காது. தீர்மானம் தோற்றது. திரிப்ளோ வென்றது.

நீங்களும் போய்ப் பாருங்கள். குளிர் நீண்டுபோன ஆண்டுகளில் பூ மொட்டாகவே நிற்கும், அதற்கு யாரையும் திட்ட முடியாது. சேற்றுக்குத் தாங்கும் சப்பாத்துப் போடுங்கள். சேலைதான் என்று அடம்பிடிப்பவருக்கு உள்ளே ஒரு கம்பளிக் காற்சட்டை அவசியம். டாஃபடில் வாங்கி வந்தால் வேறு பூவோடு ஒரே சாடியில் வைக்காதீர்கள், காம்பில் வடியும் சாறு பக்கத்துப் பூவைக் கெடுத்துவிடும். சாப்பாட்டுக்கு மட்டும் கவலை வேண்டாம். வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் கால் நீட்டி உறங்கும் வெள்ளை வானைக் கண்டுபிடியுங்கள்; றோல்ஸ் மிஞ்சித்தான் இருக்கும்.