மாப்ள, மாடு எங்கீங்க?

ஏனுங்க மாப்ள, அந்தப் படத்தை இன்னொருக்கா காட்டுங்க. வெள்ளைச் சுவரு, கறுப்பு ஜன்னலு, பலகை அத்தனையும் நெட்டுக்கு நிக்குது. இதுக்குப் பேரு மாடர்ன் ஃபார்ம்ஹவுஸுங்களா? சரிங்க. தோட்டத்துச் சாளையிலயே பொறந்து வளந்தவன் ஒரு சந்தேகம் கேக்கலாமுங்களா? மாடு எங்கீங்க? கட்டுத்தறி எங்கீங்க? கேரேஜ்ல ரெண்டு டெஸ்லாதான நிக்குது? கோபியில சாளையை விட்டுப்போட்டு, படிச்சு மேல வந்து, வட கரோலினாவுல பேங்க் கடன் வாங்கி மறுக்கா சாளை கட்டறீங்க. உங்க அய்யன் கேட்டா நெம்ப சந்தோசப்படுவாரு.

உங்களைக் குத்தஞ் சொல்லலீங்க. 2013-ல டெக்ஸஸ்ல வேகோங்கற ஊர்ல இருந்து ஒரு புருசன் பொண்டாட்டி பழைய ஊடுகளைப் புதுசு பண்ற டிவி நிகழ்ச்சி ஆரம்பிச்சாங்களாம், ஃபிக்ஸர் அப்பர்னு. இந்த மோகம் அதுல இருந்துதான் பரவுச்சாம். பேரன்தான் போட்டுக் காட்டுனான். எனக்கே ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த நிக்கற பலகை எங்கிருந்து வந்துச்சுன்னு அதுல யாரும் சொல்லலீங்களே.

அது இந்த நாட்டுக் குடியானவன் வைக்கோல் போட வெச்சிருந்த கொட்டாய்ல இருந்து வந்ததுங்க. கொட்டாய்க்கு நாலு மூலையிலயும் நடுவுலயும் தடித் தடியாக் கம்பம் நட்டு, கம்பத்துக்குக் கம்பம் குறுக்குச் சட்டம் கொடுப்பாங்க. சட்டம் குறுக்க ஓடுனா, பலகையை நெட்டுக்கு வெச்சு ஆணி அடிச்சாப் போச்சு. பச்சைப் பலகை காயக் காயச் சுருங்கி இடுக்கு உழுகும். உழுகட்டும்னே விட்டுருவான். வைக்கோலுக்குக் காத்துப் போகோணுமுங்களே. உங்க ஹால்ல வைக்கோல் ஏதாச்சும் அடுக்கப் போறீங்களா?

ஊட்டுக் கதை வேற. உங்க சுவத்துக்குள்ள 16 இஞ்சுக்கு ஒரு மரச்சட்டம் நெட்டுக்கு நிக்குது. சட்டம் நின்னா பலகை படுக்கோணும், அப்பத்தான் ஒவ்வொரு சட்டத்துலயும் ஆணி ஏறும். நீங்க பலகையையும் நிக்க வெச்சா, சட்டம் இல்லாத எடத்துல ஆணி அந்தரத்துலதான் நிக்கும். ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங்னு நாத்துப்பண்ணைக்காரரு ஒருத்தரு 1850-ல புஸ்தகம் போட்டு, மரவூட்டுச் சட்டம் நிக்கறதால பலகையும் நிக்கறதுதான் உண்மையான அழகுன்னு எழுதுனாரு. உண்மை சரிங்க, ஆணியை எங்க அடிக்கறது?

அதுக்கும் வழி இருக்குதுங்க. சுவத்து மேல குறுக்க ரீப்பர் அடிச்சு, அதுல பலகையை நிறுத்தலாம். ஆனா பின்னால எறங்கற தண்ணி அந்த ரீப்பர் மேல வந்து உக்காந்துக்கும். அது வழிஞ்சு ஓடறதுக்கு ரீப்பர்ல எடவெளி உடோணும், இல்லாட்டி நெட்டுக்கு ஒரு வரிசை, அது மேல குறுக்க ஒரு வரிசைன்னு ரெண்டடுக்கா அடிக்கோணும். ரெண்டடுக்குக்கு ரெண்டு கூலி. நேத்து வந்த கான்ட்ராக்டரு எஸ்டிமேட்ல ரீப்பர்ங்கற பேச்சே இல்லீங்க. கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சேன்.

படுத்த பலகையைப் பாருங்க. ஃபைபர் சிமெண்ட்ல ஒரு பலகை எட்டேகால் இஞ்ச் அகலம்னு வெச்சுக்கோங்க. கண்ணுக்குத் தெரியறது ஏழு. மீதி ஒண்ணேகால் மேல்பலகைக்கு அடியில ஒளிஞ்சிருக்குது. மழை மேல்பலகையில எறங்கிக் கீழ்ப்பலகை முதுகுல சொட்டீட்டுப் போயிரும். நிக்கற பலகையில சந்து மேல இருந்து கீழ வரைக்கும் மழை ஓடற திக்குலயே ஓடுது. அது மேல ஒரு பட்டையை அடிச்சு மூடறாங்க, அதைத்தான் பேட்டன்னு காட்டுனீங்க. ஒரு மாடிக்குச் சரிங்க. ஃபைபர் சிமெண்ட்ல நிக்க வெக்கற ஷீட்டு வர்றதே எட்டடி, பத்தடி. உங்க ஊடோ ரெண்டு மாடி. நடுச் சுவத்துல ஷீட்டு மேல ஷீட்டு உக்காரும்ல, அந்தச் சேர்க்கையில இசட் மாதிரி மடிச்ச தகடு வெச்சாகோணும். தகடு எங்கீன்னு கேட்டேன். அந்தக் கான்ட்ராக்டர் மகராசன் சிரிச்சுட்டு, கால்க் பசை அடிச்சரலாம்னாரு. செப்டம்பர்ல புயல் மிச்சம் வந்து மழை சாய்ஞ்சு அடிக்கறப்ப அவரு எந்தூர்ல இருப்பாருன்னு நம்பரோட எழுதி வாங்கி வெச்சுக்கோங்க.

வெலை கம்மின்னு வினைல் பக்கம் போறீங்களா? போங்க. அதுல பலகை படுத்திருந்தாலும் நின்னாலும் ஒரே சூத்திரம்: ஆணியை இறுக்கக் கூடாது. ஆணித் தலைக்கும் பலகைக்கும் நடுவுல இந்த ஊர் பத்து சென்ட் டைம் காசு கனம் எடம் உடோணும். பன்னண்டடிப் பலகை வெயிலுக்கும் குளிருக்கும் அரை இஞ்ச் நீண்டு சுருங்கும். மாப்பிள்ளைங்களை நாங்க வெச்சிருக்கற மாதிரிங்க, புடிச்ச மாதிரியும் இருக்கோணும், புடிக்காத மாதிரியும் இருக்கோணும். இன்னொண்ணு, பக்கத்தூட்டுக்காரரு புது லோ-ஈ கண்ணாடி ஜன்னல் போட்டா, அதுல பட்டுத் திரும்பற வெயிலு உங்க வினைலை உருக்கி நெளிச்சாலும் நெளிச்சுப் போடும். அப்பறம் அவருகிட்டப் போய், உங்க ஜன்னலு என் சுவத்தைச் சுடுதுன்னு இங்கிலீஸ்ல எப்படிச் சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கோங்க.

நிக்கற பலகை ஊட்டை ஒசரமாக் காட்டும், படுத்தது அகலமாக் காட்டும். ஒசரமாத் தெரியோணும்னு உங்களுக்கு எப்ப இருந்து ஆசைன்னு எனக்குத் தெரியுமுங்க. எதுத்தூட்டு ஐ.டி. டைரக்டரு மூணாவது மாடி எடுத்ததுல இருந்துதான. ஆசையைக் கெடுக்க மாட்டேன். உச்சியில கூரைக்கு அடியில முக்கோணமா ஒரு சுவரு இருக்குதில்லீங்க, அங்க நிறுத்துங்க. தாழ்வாரத்துக்குள்ள, மழை எட்டாத எடத்துலயும் நிறுத்துங்க. மீதி ஒடம்பு பூரா படுக்க வெச்சிருங்க, மண்ணுக்கு மேல ஆறு இஞ்ச் விட்டு. ஃபோட்டோ புடிக்கறவன் எப்படியும் உச்சியைத்தான் புடிப்பான்.

சுவத்துக்கு அனுமதி கேட்டுக் குடியிருப்பு அசோசியேஷன் கமிட்டிக்கு ஃபாரம் நெரப்பலாம்னு லேப்டாப்பைத் தொறக்கறீங்களா? மூடுங்க மாப்ள. எம் புள்ள முந்தாநேத்தே நெரப்பி அனுப்பீருச்சு. ஒடம்புக்குப் படுத்த பலகை, உச்சிக்கு நிக்கறது, கலரு பச்சை. உங்க கையெழுத்தையும் அதுவே போட்டுருச்சுங்க. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க, எனக்கு இன்னும் நாலு மாசம் இந்தூட்லதான் சோறு.