ஐந்தாம் அவுட்ஃபீல்டர்: பெஞ்சியல் நோக்கில் ஓர் ஆய்வு

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் நட்சத்திர பேட்டர் ஆரோன் ஜட்ஜைப் பற்றி விவாதிப்பதில்லை. அவர் அடிப்பார், எல்லோருக்கும் தெரியும், பேச என்ன இருக்கிறது? விவாதமெல்லாம் பெஞ்சின் ஓரத்தில் சூரியகாந்தி விதையை மென்று துப்பியபடி உட்காரப் போகிறவர் யார் என்பதைப் பற்றித்தான். இவ்வறிவுத்துறையைப் பெஞ்சியல் எனலாம். இத்துறையில் முறையான ஆய்வுகள் போதிய அளவில் இல்லாத குறையை நீக்க இக்கட்டுரை முற்படுகிறது. இதற்கு நிதியுதவி எதுவும் பெறப்படவில்லை. யாரும் தர முன்வந்து மறுக்கப்படவும் இல்லை.

முதலில் கணக்கு. மேஜர் லீக் அணியில் 26 பேர் (2019 வரை 25). அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. அணிகள் அந்த 13ஐ நிரப்பாமல் விடுவது அபூர்வம். மிச்சம் 13 பேரில் ஒன்பது பேர் ஆடுகிறவர்கள். ஆக பெஞ்சில் நான்கு இடம். அதில் ஒன்று மாற்று கேட்சருக்கு, இன்னொன்று இன்ஃபீல்டில் எங்கே விட்டாலும் நிற்கிறவருக்கு. மீதி இரண்டு, களத்தின் பின்வரிசையில் நிற்கும் மூன்று அவுட்ஃபீல்டர்களுக்கு மாற்றாக. முப்பது அணிகளின் ரசிகர்கள் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை தொண்டை வறள வாதிடுவது இந்த இரண்டு இடத்துக்காக. நான்காவது அவுட்ஃபீல்டர் யார் என்பதிலாவது ஓரளவு உடன்பாடு இருக்கும். ஐந்தாமவரிடம் வரும்போதுதான் பெஞ்சியல் தன் முழு வீச்சைக் காட்டுகிறது.

2022 முதல் நேஷனல் லீகிலும் பிட்சர்கள் பேட் பிடிப்பது நின்றுபோனது. அதற்கு முன்பு பிட்சரின் முறை வரும்போதெல்லாம் அவருக்குப் பதிலாக அடிக்க பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து போவார். அந்தப் பிழைப்பும் இப்போது இல்லை. வேலை பாதியானது, வாதம் மட்டும் இரட்டிப்பானது.

இத்துறையில் மூன்று மரபுகள் உண்டு. அடிக்கத் தெரிந்தால் போதும், பந்தைப் பிடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மட்டை மரபு. சென்டர் ஃபீல்டில் நிற்கத் தெரியாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்பது கையுறை மரபு. கடைசி இன்னிங்ஸில் ஓடவிட ஆள் வேண்டாமா என்பது கால் மரபு. (ஏற்கெனவே மூன்று இடக்கை பேட்டர்கள் இருக்கையில் இவனும் இடக்கையா என்று கேட்கும் உட்பிரிவினர் எல்லா மரபிலும் உண்டு. அவர்களிடம் வாதாடி ஜெயித்தவர் இல்லை.) ஐந்தாமிடத்துக்குப் போட்டியிடுபவர் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றில் மட்டும் பாஸ் மார்க் வாங்கியவர். அஃதேல், மூன்றிலும் தேறியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தால் என்ன எனின், அவர் ஏன் பெஞ்சில் உட்காரப் போகிறார் என்க.

களப்பணிக்கு உகந்த இடம் அரிசோனா. முப்பது அணிகளில் பாதி அங்கேயும் மறுபாதி ஃப்ளோரிடாவிலும் பயிற்சி ஆட்டங்கள் ஆடுகின்றன. மேசா நகரில் சிகாகோ கப்ஸ் ஆடும் ஸ்லோன் பார்க்கின் புல்மேட்டில் ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு போய் அமர்ந்தால், பெஞ்சியலாரை அவர்களுடைய இயல்பான வாழ்விடத்திலேயே காணலாம். நட்சத்திர வீரர்கள் அதற்குள் குளித்து முடித்துக் காரேறியிருப்பார்கள். களத்தில் நிற்பவர்களின் முதுகில் எழுபது, எண்பதைத் தாண்டிய எண்கள். அங்கே நிகழும் உரையாடல் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமையும்.

“நேத்து ரெண்டு டபுள் அடிச்சான், பாத்தீங்கல்ல?”

“யாரை அடிச்சான்? நம்பர் 94 போட்ட பையனை. அவன் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேஜர் லீக் வாசப்படி மிதிக்க மாட்டான்.”

“சராசரி முன்னூறு சார்! உங்க ஆளு இருநூத்தம்பது.”

இந்த முன்னூறை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்போம். பயிற்சி மாதத்தில் ஒருவருக்கு 40 முறை பேட் பிடிக்க வாய்ப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பதில் 12 ஹிட் என்றால் .300. பத்து ஹிட் என்றால் .250. ஆக, ஒருவரை வருங்கால நட்சத்திரமாகவும் இன்னொருவரை வழியனுப்ப வேண்டியவராகவும் ஆக்கும் வித்தியாசம் இரண்டே இரண்டு ஹிட். அதில் ஒன்று அரிசோனா வெயிலில் கண் கூசி ஃபீல்டர் தவறவிட்ட பந்தாகவும் இருக்கலாம்.

புள்ளியியலாரின் ‘வார்’ அளவுகோலும் இங்கே உதவாது. மைனர் லீகிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் வந்து நிற்கக்கூடிய மாற்று ஆளின் மதிப்பை அது பூஜ்யம் என்று வகுக்கிறது. அப்படிப்பட்டவர்களை மட்டுமே கொண்ட அணி 162 ஆட்டத்தில் சுமார் 48 ஜெயிக்கும் என்பது அதன் அடிப்படை. நம் போட்டியாளர் இருவரும் அந்தப் பூஜ்யத்தின் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள். விவாதம் இவ்வளவு செழிப்பதன் ரகசியமும் இதுவே என்பது இவ்வாய்வாளரின் துணிபு. ஜட்ஜைப் பற்றித் தப்பாகப் பேசினால் மறுநாள் ஆட்டத்திலேயே மானம் போகும். பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே நின்று என்ன சொன்னாலும் இறுதிச் சுற்றுகள் நடக்கும் அக்டோபர் வரை யாரும் மறுக்க முடியாது.

அக்டோபர் என்றதும் கால் மரபினர் துள்ளி எழுவர். அவர்களுடைய மூலநூல் டேவ் ராபர்ட்ஸ். 2004 ஜூலை கடைசி நாளில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரை வாங்கியது. அக்டோபர் 17 இரவு, நள்ளிரவை ஒட்டிய நேரம். யாங்கீஸ் அணியிடம் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்று, நான்காவதிலும் 4-3 என்று பின்தங்கி, பாஸ்டன் கடைசி இன்னிங்ஸில் நிற்கிறது. எதிரே பந்து வீச மரியானோ ரிவேரா. கெவின் மிலார் நடந்து முதல் பேஸுக்குப் போகிறார், அவருக்காக ஓட ராபர்ட்ஸ் வருகிறார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரிவேரா முதல் பேஸுக்கு மூன்று தரம் பந்தை எறிந்து மிரட்டுகிறார். நான்காவதாகத்தான் பேட்டருக்கு வீசுகிறார். அந்தப் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடி, மயிரிழையில் இரண்டாம் பேஸைத் திருடிவிட்டார். அடுத்து பில் முல்லர் அடித்த அடியில் ஸ்கோர் சமம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் ஆட்டத்தை முடித்தார். பாஸ்டன் அந்தத் தொடரையும் வென்று, 86 ஆண்டுகளுக்குப் பிறகு உலகத் தொடர் கோப்பையையும் தூக்கியது. அந்த அக்டோபர் முழுவதும் ராபர்ட்ஸ் ஒரு முறைகூட பேட் பிடிக்கவில்லை.

அற்றன்று என்பர் மட்டை மரபினர். அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ஹெர்ப் வாஷிங்டன். ஓக்லண்ட் அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி ஓட்டப்பந்தயக்காரர் ஒருவரைப் பிடித்து ஓடுவதற்கு மட்டுமே அணியில் வைத்திருந்தார். 105 ஆட்டம், 31 திருட்டு, பேட் பிடித்தது பூஜ்யம். 1974 உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், முதல் பேஸை விட்டுச் சற்று விலகி நின்றவரை எதிரணி பிட்சர் மைக் மார்ஷல் பந்தெறிந்து அவுட் ஆக்கினார். கால் மரபினர் இந்தப் பெயரைக் கேட்டதும் பீர் வாங்க எழுந்து போய்விடுவார்கள்.

இறுதியாக, முடிவெடுக்கும் இடத்துக்கு வருவோம். அங்கே மட்டையும் இல்லை, காலும் இல்லை. ‘ஆப்ஷன்’ என்றொரு காகிதம் இருக்கிறது. அணியின் விரிந்த 40 பேர் பட்டியலில் உள்ள வீரரைப் பொதுவாக மூன்று பருவங்கள்தான் பிற அணிகளிடம் காட்டாமல் மைனர் லீகுக்கு அனுப்பி அழைக்கலாம். அது தீர்ந்த பிறகு அனுப்ப வேண்டுமானால் மற்ற 29 அணிகளுக்கும் அவரைக் காட்டியாக வேண்டும், வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எனவே இருவரில் ஆப்ஷன் தீர்ந்தவர் பெஞ்சில் உட்காருவார். .300 அடித்தவருக்கு ஆப்ஷன் மிச்சமிருந்தால் அவர் பெட்டியைக் கட்டுவார். மே மாதத்தில் யாருக்காவது தொடைத்தசை பிடித்துக்கொண்டால் அவரும் வந்து சேருவார்.

ஆகவே, மார்ச்சில் இவ்விவாதத்தில் இறங்கும் அன்பர்கள், போட்டியாளர் இருவருக்கும் ஆப்ஷன் எத்தனை மிச்சம் என்று முதலில் பார்த்துக்கொள்வது முறை. பார்த்த பிறகு பேச எதுவும் மிஞ்சாது என்பதால், பார்க்காமலே பேசும்படி இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.