நீங்க எந்தச் சபை?

தாம்பரத்தில் இரண்டு கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் சபை விசாரணை அண்ணன் வந்து நின்றுவிடுவார். “பிரதர், நீங்க எந்தச் சபை?” சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், எங்கும் இவர் உண்டு, ஆள் மாறும், கேள்வி மாறாது. சி.எஸ்.ஐ. என்றால், “ஓ, தெளிப்பு ஞானஸ்நானமா!” என்று ஒரு பெருமூச்சு. பெந்தெகொஸ்தே என்றால், “அங்கே சத்தம் ஜாஸ்தியாச்சே!” கத்தோலிக்கர் என்றால் பேச்சே இல்லை, துக்க வீட்டுப் பார்வைதான். சரி, அண்ணன் எந்தச் சபை? எல்லாச் சபையிலும் ஒருவர் இருக்கிறார். பாரம்பரிய சபை அண்ணனுக்குக் கைதட்டல் ஆகாது, ஆவிக்குரிய சபை அண்ணனுக்கு ஆயரின் அங்கி ஆகாது. கம்மலைக் கண்டு ஒருவர் வருந்துவார், கம்மல் இல்லாத காதைக் கண்டு மற்றவர் சிரிப்பார். வேதாகமம் முழுக்க மூன்று நிறத்தில் அடிக்கோடு போட்டிருப்பார். ரோமர் 14ஆம் அதிகாரம் மட்டும் கடையில் வாங்கியபடியே இருக்கும். உணவையும் நாளையும் வைத்துச் சகோதரனுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்று பவுல் மன்றாடுவது அங்கேதான்.

ஆனாலும் அண்ணனின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. “சத்தியத்தில் சமரசம் உண்டா? எல்லாரும் சரி என்றால் ஞானஸ்நானம், திருவிருந்து எதற்கும் அர்த்தமே இல்லையே” என்கிறார். நியாயம்தான். ஆனால் விட்டுக்கொடுக்காமலே மரியாதையாக மோதலாம் என்பதற்கு அவர் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1938 டிசம்பரில் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. முதலில் சீனாவில் நடக்கவிருந்தது, போரால் இங்கே மாறியது. போரிட்டுக்கொண்டிருந்த சீனா, ஜப்பான் இரண்டு நாட்டுப் பிரதிநிதிகளும் வந்தார்கள். கிறிஸ்துவின் வெளிப்பாடு வேறு, மற்ற சமயங்கள் வேறு என்று டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் அந்த மாநாட்டுக்காகவே தடித்த நூல் எழுதியிருந்தார். சென்சய்யா, சக்கரை முதலிய சென்னைக் கிறிஸ்தவர்கள் அதே ஆண்டு தங்கள் நூலை வெளியிட்டார்கள். அதில் சென்சய்யா கிரேமரை நேருக்கு நேர் மறுத்தார். இரு தரப்பும் இறங்கி வரவில்லை. ஆனால் மறுக்குமுன் படித்தார்கள். அண்ணனுக்கோ சபையின் பெயர்ப்பலகையே போதும்.

“இப்படிப் பேசிப் பேசித்தான் கலப்படம் ஆகிறது” என்பது அடுத்த ஆட்சேபம். சபைகளை ஒன்றாக்க 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக (சி.எஸ்.ஐ.) முடிய 28 வருடம் ஆயிற்று. ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் மூவரும் பேராயர்களை ஏற்றார்கள். பேராயர் பதவிக்கு இதுதான் பொருள் என்று யார் மீதும் திணிக்கவில்லை. முன்பே குருப்பட்டம் பெற்றவர்களை மறுபடி மண்டியிடச் சொல்லவில்லை. குழந்தைக்கும் ஞானஸ்நானம் உண்டு, விசுவாசித்து வரும் பெரியவருக்கும் உண்டு. கலப்படமா இது? எதில் விடக்கூடாது, எதில் விடலாம் என்று 28 வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை அசட்டையானவர்கள் என்று சொல்ல அண்ணனுக்கே வாய் வராது. நந்தியாலில் ஆங்கிலிக்கர் சிலர் அப்போது சேரவில்லை என்பதும் உண்மைதான்.

அடுத்த முறை அண்ணன் கேட்டால் உங்கள் சபையின் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள். பிறகு, போன ஞாயிறு அவர் சபையில் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேளுங்கள். பெரும்பாலும் தெரியாது; அன்றைக்கு அவர் பக்கத்துச் சபையின் தப்புகளைக் குறித்துக்கொண்டிருந்திருப்பார்.