அரை பிளேடு அண்ணாத்தே

திருவொற்றியூர் தேரடியிலிருந்து ராயபுரம் கல்மண்டபம் வரை எந்தத் தெருவில் தேடினாலும் இப்படி ஒருவர் அகப்படுவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். துறைமுகத்துக் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை. சட்டைப்பையில் கேட் பாஸ் இருக்கும், கன்னத்தில் ஒரு முடி இருக்காது. "இன்னாண்ணாத்தே, மூஞ்சி சும்மா பளபளன்னு கீது?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. கேட்டவர் கையிலிருக்கும் டீ ஆறும். விம்கோ நகர் மெட்ரோ ஒன்று போகும், அடுத்ததும் போகும். அண்ணாத்தே முன்னுரையைத்தான் முடித்திருப்பார்.

"ஷேவிங்னா இன்னா நெனைச்சுக்கினு கீற?" என்பதுதான் முன்னுரை.

எல்லாம் ஒரு ரேஸர் செய்த வேலை. மச்சினன் கப்பலில் இருக்கிறார். போன முறை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். சும்மா இல்லை, காசுக்கு. துருப்பிடிக்காத இரும்பில் கடைந்தது, கையில் எடுத்தால் கனம் தெரியும். தலையில் ஒரு பக்கம்தான் பிளேடு வரும், மறுபக்கம் மொட்டை. பெட்டிக்கடையில் நாம் வாங்கும் சாதாரண பிளேடை நீளவாக்கில் இரண்டாக உடைத்து, ஒரு பாதியை உள்ளே வைத்துத் திருக வேண்டும். விலை என்ன என்று வீட்டில் கேட்டபோது அண்ணாத்தே கஸ்டம்ஸ் பாஷையில் பதில் சொன்னார்: "எட்டு ரெண்டு ஒண்ணு ரெண்டு." ரேஸருக்கும் பிளேடுக்கும் உலகம் முழுக்க உள்ள சரக்குக் குறியீட்டு எண் 8212. மனைவி அதை எட்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. அண்ணாத்தே திருத்தவும் இல்லை. உண்மையான விலை அதைவிட அதிகம்.

ஒற்றைமுனை ரேஸர் புதுசு என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பழசு என்றால் அதைவிடக் கோபம் வரும். 1880-ல் அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய ‘ஸ்டார்’ ரேஸருக்கு ஒரு முனைதான். சவரக் கத்தியில் ஒரு துண்டை நறுக்கிக் கூட்டுக்குள் வைத்த சாமான் அது, மழுங்கினால் தீட்ட வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் பின்னால் வந்து, பிளேடை மெல்லிசாக்கி, இரண்டு பக்கமும் முனை வைத்து, தேய்ந்தால் தூக்கிப் போடு என்றார். விற்பனை தொடங்கிய 1903-ல் அவர் விற்றது 51 ரேஸர். பிடித்த ஓட்டம் அப்புறம் நிற்கவே இல்லை. 1971-ல் ஒரு தலையில் இரண்டு பிளேடு, 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து. இந்த இடத்தில் அண்ணாத்தே குரலை உயர்த்துவார்: "அஞ்சு பிளேடு எதுக்குடா? நம்மூர்ல செஞ்ச புல்லட்டு ஒத்த சிலிண்டர்ல ஓடல?"

திருவொற்றியூரில் நின்றுகொண்டு இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. புல்லட் செய்த என்ஃபீல்டு ஆலையில் வேலை பார்த்த சித்தப்பாவோ மாமாவோ இல்லாத தெரு அங்கே குறைவு.

அவரை மடக்கிய ஒரே ஆள் காசிமேட்டு சலூன்காரர். ரேஸரைக் காட்டிப் பெருமை அடிக்கத்தான் அண்ணாத்தே போனார். சலூன்காரர் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பேசவில்லை. மேஜையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். தாள் உறையோடு சேர்த்து மடக்கினார், ‘டக்’. ஒரு பாதியைத் தன் கத்தியில் செருகினார், மறுபாதியைத் தாளோடு கண்ணாடி ஓரத்தில் வைத்தார்.

"கஸ்டமருக்கு அரை பிளேடு. நான் தொழிலுக்கு வந்த நாளா இதாண்ணே. நீங்க கப்பல்ல வரவழைச்சிருக்கீங்க."

அவர் சொன்னது சரிதான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் நடந்த பிரசாரத்தில், சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் "புது பிளேடு போடுப்பா" என்று சொல்வது தமிழ்நாட்டு ஆண்களுக்கு அனிச்சையாகிவிட்டது. தோல்வாரில் தீட்டும் நீளக் கத்தி மெல்ல ஓரம்போய், பிளேடு செருகும் கத்தி வந்தது. அதற்கு ஒரு முனை போதும், ஆகவே பாதி பிளேடு. வெளிநாட்டில் வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த சிக்கனம் இங்கே தெருவுக்குத் தெரு கண்ணாடி ஓரத்தில் கிடந்தது.

அண்ணாத்தே விடுவாரா? "உன் கத்தில காவல் கெடையாது. என்னுத பாரு, முன்னாடி ஒரு கம்பி கீது. தோல அறுக்காது."

"எனக்கு எதுக்குண்ணே கம்பி? கை கீதே."

அன்றைக்கு அண்ணாத்தே டீ குடிக்காமல் வீட்டுக்குப் போனார். இறக்குமதிப் படிகாரக் கட்டி ஒன்று கைவசம் இருந்ததை அந்தக் கடையில் வெளியே எடுக்கவே இல்லை. அங்கே படிகாரக் கல் சோப்புக்கிண்ணத்துக்குப் பக்கத்தில் அனாதையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டார்.

வீட்டில் அவர் ராஜா. காலையில் குளியலறைக் கதவு மூடினால் ஈரச் சவரத்தின் சடங்குகள் தொடங்கும். முதலில் வெந்நீர். பிறகு பிரஷ்ஷில் சோப்பைக் குழைத்து நுரையேற்றல். பிறகு மூன்று சுற்று: முடி வளரும் திசையில் ஒன்று, குறுக்கே ஒன்று, எதிர்ச் சவரம் ஒன்று. கழுத்தில் முடி சுழிசுழியாக வளர்வதால் அதற்கென்று ஒரு வரைபடமே போட்டு வைத்திருக்கிறார். யார்டில் கண்டெய்னர் எங்கே நிற்கிறது என்று குறிக்கிற அதே பென்சில்தான். "நைனா, வெளிய வா, ஷிப்டுக்கு லேட் ஆவுது" என்று மகன் கதவைத் தட்டுவான். மகனுக்கு மார்பு வரை தாடி. தாடிக்கு எண்ணெய், தாடிக்குச் சீப்பு, தாடிக்குத் தனி சோப்பு. அப்பாவின் ஆயுதத்துக்கு இந்த வீட்டில் வாரிசு இல்லை.

தண்ணீர் விஷயத்தில் அண்ணாத்தே உலகத்தோடு ஒத்துப்போக முடியாது. ஈரச் சவர நூல்கள் குழாயைத் திறந்து விடச் சொல்கின்றன. மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வைத்து வளர்ந்தவருக்கு அது பாவம். ஒரு மக் தண்ணீரோடு சரி. ஜில்லெட் கம்பெனியே இதில் ஒருமுறை சறுக்கியது. இந்தியாவுக்கென்று செய்த ரேஸரை அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பிரமாதம் என்றார்கள் பிள்ளைகள். இங்கே வந்ததும் முடி போய் அடைத்துக்கொண்டது. அங்கே குழாயில் கொட்டிய தண்ணீர் இங்கே டம்ளரில் இருந்தது. அப்புறம் இந்திய வீடுகளுக்கே வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, 2010-ல் ‘கார்டு’ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அப்போது ரேஸர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். அதிலும் இருப்பது ஒரே ஒரு பிளேடுதான் என்பதை அண்ணாத்தேவிடம் சொல்லிவிடாதீர்கள். பாவம்.

இத்தனை ஏற்பாடும் எத்தனை நாளைக்கு? வெள்ளிக்கிழமை முகத்தில் கத்தி படக்கூடாது. செவ்வாய் சலூனுக்கே லீவு, வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? அமாவாசை, கிருத்திகை, யாருக்காவது பிறந்த நட்சத்திரம். பௌர்ணமியன்று மனைவி வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்வந்து பார்க்கும்போது புருஷன் முகத்தில் நுரையோடு நிற்க முடியுமா? இதெல்லாம் போக மிஞ்சுகிற நாட்களில் ரேஸர் வேலை செய்யும். கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டால் அதுவும் கிடையாது, ஒரு மண்டலம் பெட்டிக்குள் தூக்கம். வஞ்சிரம் இல்லாமல் இருந்துவிடுகிறார், செருப்பில்லாமல் எண்ணூர் நெடுஞ்சாலை வெயிலில் நடந்துவிடுகிறார். ரேஸரைத் தொடாமல் இருக்க முடியவில்லை. ராத்திரியில் பெட்டியைத் திறந்து, குளிப்பாட்டிய கைக்குழந்தையைப் போல அதைத் துடைத்து, எண்ணெய் தடவி மூடுகிறார். துருப்பிடிக்காத இரும்புக்கு எண்ணெய் எதற்கு என்று குருசாமி கேட்டார். "கடல் காத்து, சாமி" என்றார் அண்ணாத்தே.

ரேஸர் எப்படி என்று கேட்டால், மோசமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அழுத்தாமல் முப்பது டிகிரி சாய்வில் பிடித்தால் அதன் கனமே வழித்துக்கொண்டு போகும். ஒற்றைத் தலை சின்னது என்பதால் மூக்குக்குக் கீழே சுலபமாக நுழைகிறது. ஆனால் நுரை நிரம்பினால் திருப்பிப் பிடிக்க மறுபக்கம் கிடையாது, இழுப்புக்கு இழுப்பு மக்கில் அலச வேண்டும். இன்னொன்று, நம்மூர் பிளேடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். முனைக்கு நெருக்கமாக இறுக்கிப் பிடிக்காத ரேஸரில் அது அதிரும், தோலில் எரிச்சல் விடும். ஜப்பானில் முடிதிருத்துவோருக்கென்றே செய்யும் ஒற்றைமுனை பிளேடு சுமார் கால் மில்லிமீட்டர். அது வளையாமல் நிற்கும். அதற்கு வேறு ரேஸர் வேண்டும். மச்சினனின் அடுத்த கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று அண்ணாத்தே இப்போது அடிக்கடி விசாரிக்கிறார். காரணம் வீட்டுக்கு இன்னும் தெரியாது.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய பிளேடு அந்தக் காலத்தில் பென்சில் சீவியது, தையல் பிரித்தது, நகம் வெட்டியது, கடைசியில் குளியலறைச் சுவர் இடுக்கில் துருப்பிடித்தது. இப்போது நேராகக் குப்பைப் பைக்குப் போகிறது. அண்ணாத்தே அப்படிச் செய்வதில்லை. பழைய பவுடர் டின் ஒன்றின் மூடியில் கீறல் போட்டு, உடைத்த பாதிகளை அதற்குள்தான் போடுகிறார். நீங்கள் எந்த ரேஸரும் வாங்க வேண்டாம், அந்த டின்னை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்ததும் மூடியை டேப்பால் சுற்றி, மேலே ‘பிளேடு’ என்று எழுதி, வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள். குப்பையைப் பிரிக்கிற கையை அறுக்க அரை பிளேடு போதும்.