மூன்று கடை, ஒரே கல்லா

அரசியல் சாசனம் கொடுத்த உரிமைகள் போதாதென்று தொலைத்தொடர்புத் துறையும் இந்தியக் குடிமகனுக்கு ஒரு உரிமையைக் கொடுத்திருக்கிறது. தன் சட்டைப்பையில் யார் கைவிட வேண்டும் என்பதை அவனே முடிவு செய்துகொள்ளலாம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இது அமலில் இருக்கிறது. 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ், பதிலுக்கு ஒரு குறியீடு, பக்கத்துக் கடையில் ஆதாரும் கைரேகையும். அவ்வளவுதான், அதே எண்ணோடு இன்னொரு நிறுவனத்துக்குப் போய்விடலாம்.

'போர்ட் பண்ணிடுவேன்' என்று கஸ்டமர் கேரை மிரட்டிய காலம் ஒன்று இருந்தது. மிரட்டலுக்கு மதிப்பும் இருந்தது. தமிழ்நாட்டில் அப்போது ஏர்செல், ஏர்டெல், வோடஃபோன், பிஎஸ்என்எல், ரிலையன்ஸ், டோகோமோ, யூனிநார், எம்டிஎஸ் என்று ஒரு கடைத்தெருவே இருந்தது. 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்து நின்றதும், அதுவரை நான்கு நொடி பேசினாலும் முழு நிமிடத்துக்குக் காசு வாங்கியவர்கள் எல்லாருக்கும் சில மாதங்களில் நொடிக்கணக்கு பிடிபட்டது. எதிரே இன்னொரு கடை இருந்தால் மட்டுமே வியாபாரிக்கு வரும் ஞானம் அது.

இன்று தெருவில் தனியார் கடைகள் மூன்று. ஓரத்தில் பிஎஸ்என்எல் என்ற அரசுக் கடை. மற்றவர்கள் 5ஜி விற்கத் தொடங்கிய பிறகும் அது 4ஜி-க்குக் கோபுரம் நட்டுக்கொண்டிருந்தது. 2024 ஜூன் 27 அன்று ஜியோ கட்டணத்தை உயர்த்துவதாக அறிவித்தது. மறுநாள் ஏர்டெல் அறிவித்தது. அதே நாளில் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்தது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, 84 நாள் என்ற திட்டம் ஏர்டெலில் 719 ரூபாயிலிருந்து 859 ஆனது. வோடஃபோன் ஐடியாவிலும் 719-லிருந்து 859 ஆனது. ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை. பரீட்சையில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுகிறவன்கூட ஓரிரண்டு இடத்தில் மாற்றி எழுதுவான். இவர்களுக்கு அந்தக் கூச்சமும் இல்லை. 2019 டிசம்பரிலும் 2021 கடைசியிலும் இதே போலத்தான், சில நாள் இடைவெளியில் மூவரும் ஏற்றினார்கள். கூட்டுச் சேர்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் மூவருக்கும் ஒரே கனவு வந்திருக்கலாம்.

அரசு தட்டிக் கேட்காதா என்கிறீர்களா? அலைக்கற்றையை ஏலம் விடுவது அரசு. உரிமக் கட்டணம் வாங்குவது அரசு. ரீசார்ஜ் செய்தால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வாங்குவதும் அரசு. வோடஃபோன் ஐடியா கட்ட முடியாத பாக்கியைப் பங்காக மாற்றி, 2025 ஏப்ரலில் அதில் ஏறத்தாழ 49 விழுக்காட்டைக் கையில் சேர்த்துக்கொண்டதும் அரசு. பிஎஸ்என்எல் முழுக்கவே அரசு. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் போய் விலை அதிகம் என்று மனு கொடுக்கச் சொல்கிறீர்கள்.

கடை மூடினால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டுமானால் ஏர்செல் எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்ப ஏர்செல் சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தான் ஐயா போகிறோம் என்று சொல்வதற்கும் ஆள் இல்லை. ஏர்செல் கடை வாசல்களில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. விதியை எழுதியவர்கள் யாரும் அந்த வரிசையில் இல்லை.

உள்ளூர்க் கதை இப்படி. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு வெளிநாடு கிளம்புகிறவரின் கதை வேறு. மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் புறப்படும் அம்மா ஒருவர் ரீசார்ஜ் கடையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சிங்கப்பூருக்கு எந்த நெட்வொர்க் தம்பி நல்லது?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா. எது வச்சிருந்தாலும் ரோமிங் பேக் போடணும்."

"போடலைன்னா?"

"போடாம நெட்டை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க. ப்ரீபெய்டுன்னா இருக்கிற காசோட போகும். போஸ்ட்பெய்டுன்னா வீட்டுப் பத்திரத்தைக் கேப்பாங்க."

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பக்கம் பக்கமாகக் கலந்தாய்வு அறிக்கை போட்டும் விளங்காத பொருளாதாரத்தை அந்தத் தம்பி மூன்று வரியில் முடித்துவிட்டார். பத்திரம் என்று அவர் சொன்னது மிகை அல்ல. பேக் போடாதவருக்கான டேட்டாவை ஜிபி-யில் அளப்பதில்லை, 10 கேபி-யில் அளப்பார்கள். 10 கேபி-க்கு ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ரூபாய்தானே என்று தோன்றும், தோன்றத்தான் அப்படி அளக்கிறார்கள். ஒரு ஜிபி-க்குக் கணக்குப் போட்டால் 5,24,288 ரூபாய். நகைக்கடைக்காரர்கூடக் குன்றிமணியில் விலை சொல்லிச் சவரனில் தலையில் கட்டுவதில்லை.

2025 அக்டோபரில் தில்லி மொபைல் மாநாட்டில், இந்தியாவில் ஒரு ஜிபி டேட்டா ஒரு கோப்பைத் தேநீரைவிட மலிவு என்று பிரதமர் பெருமைப்பட்டார். உண்மைதான். ஆனால் அந்தத் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே விமானத்தில் ஏறி சிங்கப்பூர் சாங்கியில் இறங்கினால், அதே கோப்பை பாண்டியன் கஜானா விலைக்கு ஏறுகிறது. நடுவில் என்ன நடந்தது? தேநீரில் தங்கத்தூள் யாரும் தூவவில்லை.

நடப்பது இதுதான். உங்கள் சிம் சிங்கப்பூரில் உள்ளூர் நிறுவனத்தின் கோபுரத்தைப் பிடிக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் டேட்டா பெரும்பாலும் அங்கேயே இணையத்தில் இறங்குவதில்லை. கடலடிக் கேபிள் வழியாக இந்தியாவில் இருக்கும் உங்கள் நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்துதான் வெளியே போகிறது. சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டு எதிர்வரிசைக் கடையில் இருக்கும் தங்கைக்கு ஒரு படம் அனுப்பினால், அது வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து திரும்பிப் போய்ச் சேரும். இந்தப் போக்குவரத்துக்கு அந்த நிறுவனம் இந்த நிறுவனத்திடம் ஒரு மொத்த விலை வாங்குகிறது. அது எவ்வளவு என்பது இருவருக்கும் நடுவில் உள்ள இரகசியம். கணக்குக் கோப்புகள் இரவோடிரவாக மாறிக்கொள்கின்றன, உங்கள் கண்ணில் மட்டும் எதுவும் படாது. சில்லறை விலை மட்டுமே நமக்குத் தெரியும், அதுவும் கட்டிய பிறகு.

இத்தனைக்கும் இவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்களா? சிங்கப்பூரின் சிங்டெல் கால்நூற்றாண்டாக ஏர்டெலின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. லாபம் என்று வந்தால் சம்பந்தி வீடு. வாடிக்கையாளர் வந்து நின்றால் அயல்நாடு, எல்லை, ஒப்பந்தம், பேக்.

செலவு ஆகிறதே, அவர்கள் என்ன செய்வார்கள் என்று பரிந்து பேசுவோர் உண்டு. ஓசூரைத் தாண்டினால் ரோமிங் என்று இருந்தது நினைவிருக்கிறதா? அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில் போன் அடித்தால், எடுக்கிறவனுக்குக் காசு. அதற்கும் அப்போது கோபுரச் செலவு, வட்டக் கணக்கு, இணைப்புக் கட்டணம் என்று பெரிய பெரிய காரணங்கள் சொன்னார்கள். 2016-இல் ஜியோ வந்து ரோமிங்கே கிடையாது என்றதும் எல்லாக் காரணங்களும் காற்றில் கரைந்தன. கோபுரம் அதே கோபுரம், சுங்கச்சாவடி அதே சுங்கச்சாவடி. செலவு எங்கே போனதென்று இன்றுவரை யாரும் கணக்குக் காட்டவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த வேலையைச் சட்டத்தால் செய்தது. 2007-இலேயே அழைப்புகளுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். படிப்படியாகக் குறைத்து, 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்குள் எங்கே போனாலும் சொந்த ஊர்க் கட்டணம் என்று ஆக்கினார்கள். 2032 வரை அதை நீட்டித்தும் விட்டார்கள். எந்த நிறுவனமும் நடுத்தெருவுக்கு வந்துவிடவில்லை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. ரோமிங் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணமே இல்லை என்றன அங்குள்ள பெரிய நிறுவனங்கள். அவற்றில் மூன்று 2022-க்குள் கொண்டுவந்துவிட்டன. சட்டம் விலகிய மறுகணமே அவற்றின் எண்ணம் மாறிவிட்டது. இதில் நம்மவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். உலகத்து முதலாளிகள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறார்கள்.

இவ்வளவு எதற்கு, போன இடத்தில் ஒரு உள்ளூர் சிம் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்கலாம், தாராளமாக. ஆனால் நம் எண்ணை அணைத்துவிட முடியுமா? வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ஆதார் ஓடிபி அதற்குத்தான். வருமான வரி, ரயில் முன்பதிவு, கேஸ் சிலிண்டர், காப்பீடு எல்லாம் அதற்குத்தான். பத்து இலக்கம் இல்லாதவர் இந்த நாட்டில் பிறக்காதவர். குடிமகனின் அடையாளத்தையே அரசு அந்த எண்ணில் கட்டிவைத்துவிட்டு, கயிற்றின் மறுமுனையை மூன்று வியாபாரிகளிடம் கொடுத்துவிட்டது. கயிறு அறாமல் இருக்க 28 நாள் கணக்கில் காசு கட்ட வேண்டும். இவர்களுடைய நாட்காட்டியில் ஆண்டுக்கு 13 மாதம். முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வையுங்கள் என்று ஆணையம் 2022-இல் உத்தரவே போட வேண்டியிருந்தது. டேட்டா வேண்டாம், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் போதும் என்பவருக்கு ஒரு தனித் திட்டம் வையுங்கள் என்று சொல்ல 2024 டிசம்பர் ஆகிவிட்டது. அதுவரை, மெல்போர்னில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருக்கும் பெரியவர் பென்ஷன் கணக்கின் ஓடிபி-க்காக, தொடவே போகாத டேட்டாவுக்கும் சேர்த்து இங்கே மொய் எழுதிக்கொண்டிருந்தார்.

இ-சிம் என்று ஒரு வழி வந்தது. சிம் அட்டையே வேண்டாம், செயலியில் காசு கட்டினால் போகிற நாட்டின் டேட்டா கைக்கு வரும், ரோமிங் பேக்கைவிடப் பல இடங்களில் மலிவு. 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை என்ற இரு இ-சிம் செயலிகளையும் அரசு உத்தரவின்பேரில் ஆப்பிளும் கூகுளும் தங்கள் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கின. அனுமதிச் சான்று வாங்கவில்லை, சைபர் மோசடிக்குப் பயன்படுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். மோசடியைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் 10 கேபி கணக்கில் அறுக்கிறவர்களை என்ன பெயரில் அழைப்பது என்று எந்தத் துறையும் சொல்லவில்லை.

வளைகுடாவுக்குப் போகிறவருக்கு இன்னொரு பாடம் காத்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், பேச முடியாது. அனுமதி பெற்ற சில செயலிகளில் மட்டும் பேசலாம். அங்கே கடை இரண்டுதான், இரண்டிலும் அரசின் பங்கு பெரிது. வெயிலில் கம்பி கட்டிவிட்டு அறைக்கு வரும் இராமநாதபுரத்துக்காரருக்கு, குழந்தையின் குரலைக் கேட்கவும் தனியாக ஒரு விலை இருக்கிறது. நமக்கு மூன்று கடையாவது இருக்கிறதே என்று அவரைப் பார்த்து ஆறுதல் அடைந்துகொள்ளலாம்.

இராமநாதபுரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. தனுஷ்கோடி முனையில் நின்றால் இலங்கைக் கோபுரத்தின் அலை வந்து போனில் ஒட்டிக்கொள்வதுண்டு. இலங்கைக்கு நல்வரவு என்று எஸ்எம்எஸ் வந்து சேரும். கடல் எல்லைக்கோட்டைத் தாண்டியதற்காக நம் மீனவரின் படகைப் பிடித்து வைக்கிறார்கள். அலை தாண்டி வந்தால் நல்வரவு.

இன்னொரு எல்லையும் உண்டு, அது நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் பேக் போட்டால் பாரிஸில் வேலை செய்யும், டோக்கியோவில் வேலை செய்யும். ஸ்ரீநகரில் செய்யாது. ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டுக்கு இடமில்லை, போஸ்ட்பெய்டுக்கு உண்டு. காரணம் பாதுகாப்பு. மாதம் முடிந்து பில் கட்டுகிறவன் தேசத்துக்கு ஆபத்தில்லாதவன், முன்கூட்டியே காசு கட்டுகிறவன் சந்தேகத்துக்குரியவன் என்று கண்டுபிடித்த மூளைக்குப் பத்ம விருது ஏன் இன்னும் வரவில்லை என்று தெரியவில்லை.

ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, பாவம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். இந்தியாவுக்கு உள்ளேயும் இந்தியாவுக்கு வெளியேயும் தொலைத்தொடர்புச் சேவைகளுக்கான கட்டணத்தை ஆணையம் அரசிதழில் அறிவிக்கலாம் என்று அங்கே எழுதியே இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பெரும்பாலும் அலமாரியில் வைத்துவிட்டு, விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று ஆணையம் ஒதுங்கிக்கொண்டது. சந்தையில் மூன்று பேர், மூவரும் ஒரே வாரத்தில் விலை ஏற்றுகிறார்கள்.

உங்கள் எண்ணைத் துண்டிக்கப் போகிறோம் என்று ஆணையத்தின் பெயரில் மோசடிக்காரர்கள் மக்களை மிரட்டிவருகிறார்கள். அதனால் அது அடிக்கடி ஓர் எச்சரிக்கை வெளியிடுகிறது: நாங்கள் யாரையும் அழைப்பதில்லை, யாருடைய எண்ணையும் துண்டிப்பதில்லை, எங்கள் பெயரைச் சொல்லி வருகிறவர்களை நம்பாதீர்கள். நம்பவில்லை ஐயா. நீங்கள் விலை விஷயத்தில் விரலை அசைப்பீர்கள் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும், அவர் மோசடிக்காரர்தான் என்று எங்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.