விபத்தே நடக்காத தோட்டம்

செம்பனைத் தோட்டங்களின் ஆபீஸ் வாசலில் பச்சைப் பலகை ஒன்று நிற்கும். விபத்தின்றி வேலை செய்த நாட்கள் இத்தனை என்று மலாயில் எழுதி, எண்ணைக் கழற்றி மாட்டுவதற்குக் கட்டம் விட்டிருப்பார்கள். ஆசாகான் பக்கம் தொடங்கி மெர்லிமாவ் பக்கம் வரை மலாக்காவின் ஜாசின் மாவட்டத்தைச் சுற்றிவந்து இந்தப் பலகைகளை மட்டும் படித்தவர், உலகத்திலேயே ஆபத்தில்லாத தொழில் செம்பனை வெட்டுவதுதான் என்று முடிவுக்கு வந்துவிடுவார். பள்ளிக்கூட வாத்தியார் படிக்கட்டில் வழுக்கி விழுகிறார், பேங்க் கிராணிக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது. பன்னிரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இருபது கிலோ முள்ளுக் குலை இறங்கும் இடத்தில் மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

இந்த அற்புதத்தின் சூட்சுமம் 2004-இல் வந்த ஒரு விதிமுறையில் இருக்கிறது. வேலையில் அடிபட்டவர் நான்கு நாளுக்கு மேல் வேலைக்கு வரமுடியாமல் போனால், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷுக்கு அறிவிக்கவேண்டும். அறிவித்தால் அதிகாரி வருவார், ஃபைல் திறப்பார், தலைமையகம் போன் அடிக்கும், பலகையில் எண் சுழியத்துக்கு இறங்கும். நான்கு நாளுக்குள் ஆள் எழுந்து நடமாடிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதனால் தோட்டத்து வைத்தியம் பெரிய ஆஸ்பத்திரிகளைத் தாண்டி வளர்ந்துவிட்டது. எந்தக் காயமும் இங்கே மூன்றே நாளில் ஆறும்.

"அண்ணே, கால் வீங்கிப்போச்சி. டாக்டர் ஒரு வாரம் எம்.சி. தர்றேன்னாரு."

"வீக்கம்தானே? எலும்பு உடையல இல்ல? மூணு நாளு எடுத்துக்க. நாலாம் நாளு பிரட்டுக்கு வந்துரு, உனக்கு லைட் டூட்டி போட்டுத் தர்றேன்."

லைட் டூட்டி என்றால் ஆபீஸ் அஞ்சடியில் ஸ்டூல் போட்டு, கட்டுப் போட்ட காலை இன்னொரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உரச்சாக்கு எண்ணுவது. சாக்கை ஏற்கெனவே ஸ்டோர் கிராணி எண்ணிவிட்டார், அது வேறு விஷயம். ஆள் வேலைக்கு வந்துவிட்டார், பெயர் பதிந்தாகிவிட்டது, விபத்து நடக்கவில்லை. அவர் கண்ணெதிரே பலகையில் எண் ஒவ்வொன்றாக ஏறுகிறது.

இதில் அந்த ஆள் இழப்பது என்ன என்பதையும் சொல்லவேண்டும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் தற்காலிக இயலாமைக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தருகிறார்கள். ஆனால், எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு குறைந்தது நான்கு நாளாவது இருக்கவேண்டும். மூன்று நாள் எம்.சி.க்கு அங்கே ஒரு காசு கிடையாது. ஆக வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணன் குறைத்துக் கொடுத்த அந்த நாட்கள் மேனேஜரின் பலகையைக் காப்பாற்றின, காயம்பட்டவனின் காசைத் தின்றன. அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், "அவன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்பார். நம்பித்தான் சொல்வார்.

அடிபட்டவன் காண்ட்ராக்டர் ஆளாக இருந்தால் இவ்வளவு மெனக்கெடவும் தேவையில்லை. அவன் தோட்டத்துக் கணக்கிலேயே வரமாட்டான். அதே மரம், அதே அரிவாள், அதே ரத்தம். பட்டியல் மட்டும் வேறு.

உயிரே போனால்? செத்தவனுக்கு லைட் டூட்டி போட முடியாது. அங்கே வேறு ஒரு கட்டம் உதவிக்கு வருகிறது: விபத்துக்கான காரணம். அதில் எழுதுவதற்கென்றே ஒரு வாக்கியம் தலைமுறை தலைமுறையாகத் தயாராக இருக்கிறது: தொழிலாளியின் கவனக்குறைவு.

அந்தக் கவனக்குறைவை ஒரு மரத்தடியில் நின்று பார்ப்போம். அந்தக் காலத்தில் குலை வெட்டுகிறவர்கள் மூங்கில் கழியில் அரிவாளைக் கட்டினார்கள். மூங்கில் கனம், வளையும், மரம் உயர உயரத் தோள் செத்துப்போகும். பிறகு அலுமினியக் கழி வந்தது. இலேசானது, ஒன்றுக்குள் ஒன்று நீட்டிக்கொள்ளலாம், அதனால் இன்னும் உயரமான மரத்தை இன்னும் வேகமாக வெட்டலாம். கழியோடு இலவச இணைப்பாக இன்னொன்றும் வந்தது. அலுமினியத்தில் மின்சாரம் நன்றாக ஓடும். லயத்துக்கும் ஆபீசுக்கும் ஆலைக்கும் போகும் மின்கம்பி மரவரிசையை ஒட்டிப் போகிற இடத்தில், தலையை அண்ணாந்து, வெயில் கண்ணில் அடிக்க, மட்டைகளுக்கு நடுவே குலையின் காம்பைத் தேடும் மனிதன் கையில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் உலோகம் நிற்கிறது. 11,000 வோல்ட் கம்பி என்றால் கழி நன்றாக உரசக்கூட வேண்டியதில்லை, மிக நெருங்கினாலே தாவிவிடும். மலேசியாவில் இப்படிச் செத்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. டோஷின் விபத்துப் பட்டியல்களில் இந்தச் சாவு திரும்பத் திரும்ப வருகிறது. அலுமினியம், கம்பி, ஈரமான பூமி, பூட்ஸ் போட்ட கால். எல்லாம் ஒரே கதை.

கம்பி எங்கே போகிறது என்று தோட்டத்து வரைபடத்தில் இருக்கிறது. மரம் எவ்வளவு உயரும் என்று கன்று நடும் நாளிலேயே தெரியும். செம்பனை ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்து யாரையும் ஏமாற்றுவதில்லை, இருபத்தைந்து வருடம் எடுத்துக்கொண்டு எல்லோர் கண்ணெதிரிலும்தான் வளர்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை நடாமல் விட்டிருக்கலாம். விட்டால் ஏக்கர் கணக்கு குறையும். ஏக்கர் குறைந்தால் கேள்வி வரும். ஆள் குறைந்தால் கவனக்குறைவு. நட்டவனுக்குக் கவனம் இருந்ததா, வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவனுக்கு இருந்ததா, கம்பிக்குக் கீழே இந்த மாதம் எத்தனை டன் என்று கணக்குக் கேட்டவனுக்கு இருந்ததா என்று கேட்க அந்தக் கட்டத்தில் இடம் போதாது. அண்ணாந்து பார்த்தவன் மட்டும்தான் பார்க்கவில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு, நாமே செய்வோம். தோட்டத்து எல்லையில் அரிவாளோடு முனியாண்டி நிற்கிறார். சம்பளம் இல்லை, ஈபிஎஃப் இல்லை, ராத்திரி ஷிப்ட் வேறு. ஒரு சாவு விழுந்தால் அவருக்குக் கிடா வெட்டுகிறோம், சுருட்டு வைக்கிறோம். மேனேஜரும் நன்கொடை தருவார், அவர் மலாய்க்காரரோ சீனரோ யாராக இருந்தாலும் மனம் கோணாமல் தருவார். தர மாட்டாரா பின்னே? கம்பியை நகர்த்தும் செலவுக்கு எத்தனை கிடா வாங்கலாம்!

கழியைவிட மெதுவாகக் கொன்றது மருந்து. புல்லுக்கு மருந்து அடித்தவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். முதுகில் தொட்டி, கையில் குழல், மூக்கில் பழைய துணி. தொட்டி ஒழுகி முதுகு நனைந்தால் வேர்வை என்று நினைத்துக்கொள்ளவேண்டும். நகம் கறுத்து விழுந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, தோல் வெந்தது. தோட்டத்து கிளினிக்கில் பெனடோல் கொடுத்தார்கள். அந்த மருந்தின் பெயர் பாராகுவாட். குடித்தால் மாற்று மருந்து கிடையாது. தோல் வழியாகவும் உள்ளே போகும், காயம் இருந்தால் இன்னும் வேகமாக. 2002-இல் பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகனிதாவும் பினாங்கில் இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கமும் சேர்ந்து தோட்டத்துப் பெண்களைப் பேசவிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டன. தெனாகனிதாவை அப்போது நடத்தியவர் ஐரின் பெர்னாண்டஸ். அதே வருடம் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. நல்ல காலம் பிறந்தது என்று பெண்கள் தொட்டியைக் கீழே இறக்குவதற்குள், 2006-இல் தடையைத் தளர்த்திவிட்டார்கள். காரணம், இன்னும் ஆராயவேண்டியிருந்ததாம். சுவிட்சர்லாந்து 1989-லேயே நிறுத்தியது. ஐரோப்பாவில் 2007-இல் நீதிமன்றமே அனுமதியை ரத்து செய்தது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஆலை மட்டும் அதற்குப் பிறகும் ஓடியது, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய. அந்த ஊர்ப் புல்லுக்கு ஆகாத விஷம், வெளியூர்ப் புல்லுக்கு ஆகும். இங்கே அது முழுதாக நின்றது 2020 ஜனவரி முதல் தேதி. 2002-க்கும் 2020-க்கும் நடுவே பதினெட்டு வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக் கூடம் எது என்றால், அந்தப் பெண்களின் முதுகு.

இப்போது வேறு மருந்து. தொட்டி மட்டும் மாறவில்லை, அடிக்கிற கை மாறிவிட்டது.

ஆடிட் நாளில் போய்ப் பார்த்தால் இதெல்லாம் பொய் என்று தோன்றும். நிலையான செம்பனை எண்ணெய் என்பதற்கு ஆர்எஸ்பிஓ, எம்எஸ்பிஓ என்று சான்றிதழ்கள் உண்டு. ஆடிட்டர் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். அன்று ஸ்டோரிலிருந்து ஹெல்மெட் வெளியே வரும், கண்ணாடி வரும், பிளாஸ்டிக் உறை பிரிக்காத கையுறை வரும். மருந்துக்காரர்கள் விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி நிற்பார்கள். போட்டோ எடுத்தாகும். சாயங்காலம் எல்லாம் துடைத்து மீண்டும் ஸ்டோருக்குப் போகும், அழுக்கானால் அடுத்த ஆடிட்டுக்கு என்ன செய்வது? பாதுகாப்புச் சாமானுக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக்கூடாது என்று 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. சொல்வது சட்டம், பிடிப்பது சம்பளச் சீட்டு. பாதுகாப்பு வாரம் என்றும் ஒன்று வரும். காலையில் செனாம்ரோபிக், பிறகு உறுதிமொழி, நாசி லெமாக் பொட்டலம், அதிர்ஷ்டக் குலுக்கு. டி-சட்டையில் பாதுகாப்பே முதன்மை என்று அச்சடித்திருக்கும். முதுகுப் பக்கம், மருந்துத் தொட்டி உட்காரும் இடத்தில்.

சட்டம் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. 1991 மே மாதம் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தபிறகு நாடு விழித்தது. மூன்று வருடத்தில் அந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளி. அது ஏதோ குறைவு என்று நாட்டுக்கு உறைக்க இருபத்தெட்டு வருடம் ஆனது. 2022-இல் திருத்தினார்கள், 2024 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது, அபராதம் 500,000 வெள்ளி. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஓர் உரிமை: உடனடி ஆபத்து இருக்கிறது, முதலாளி அதை நீக்கவில்லை என்று தக்க காரணத்தோடு நம்பினால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது.

ரொம்ப அழகான பிரிவு. இதை வங்காளதேசத்திலிருந்து கடன் வாங்கி ஏஜண்டுக்குக் கட்டிவிட்டு வந்த பையனிடம் படித்துக் காட்டுவோம். டன் கணக்குக்குக் கூலி, பெர்மிட் முதலாளி பெயரில். மின்கம்பிக்குக் கீழே நின்று, "மண்டோர், இங்கே உடனடி ஆபத்து இருப்பதாக நான் தக்க காரணத்தோடு நம்புகிறேன்" என்று அவன் சொல்லவேண்டும். எந்த மொழியில் சொல்வான்? அவனுக்குத் தெரிந்த மலாய் மூன்று வார்த்தை, மூன்றும் மண்டோர் கற்றுக்கொடுத்தது. ஒன்று வேலை என்கிற "கெர்ஜா", இன்னொன்று சீக்கிரம் என்கிற "செப்பாட்". மூன்றாவது அச்சில் ஏறாது.

அந்த மண்டோர் யார்? இங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது. அவர் நம் ஆள். அவருடைய தாத்தாவைக் கங்காணி நாய் என்று கூப்பிட்டான். அவருடைய அம்மா மருந்து அடித்தார். ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் ஆசாகான் தோட்டத்திலிருந்து 1967-இல் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தார்கள் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். நடந்தவர்களின் பேரன்கள் இன்று காண்ட்ராக்டர்கள். ஹைலக்ஸில் வந்து இறங்கி, "பங்களா பயலுக்குப் பூட்ஸ் எதுக்கு, ஊர்ல செருப்புகூட இல்லாம இருந்தவன்" என்கிறார்கள். வெள்ளைக்கார துரை நம் தாத்தாவைப் பற்றி வராந்தாவில் கால் நீட்டிக்கொண்டு சொன்னதும் இதேதான். மொழிபெயர்க்கக்கூட வேண்டியதில்லை, வார்த்தைக்கு வார்த்தை பொருந்தும். ஆறுபேரை டிராக்டர் டிரெயிலரில் நிறுத்தி மேட்டுக்கு ஏற்றுகிறவரும், ஆலையில் கழிவுத் தொட்டிக்குள் காற்றுச் சோதிக்காமல் ஆளை இறக்கி, மயங்கினவனைத் தூக்க இன்னொருவனை இறக்குகிறவரும் பக்கத்துக் கோயில் கமிட்டியில் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள்.

நம் கண்ணீரெல்லாம் கரைக்காத மனத்தை அமெரிக்கச் சுங்கத்துறை கரைத்தது. 2020 செப்டம்பரில் எஃப்ஜிவியின் செம்பனை எண்ணெயை, டிசம்பரில் சைம் டார்பியின் எண்ணெயை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் என்று காரணம் காட்டித் துறைமுகத்தில் நிறுத்தியது. அதன்பிறகுதான் கம்பெனிகளுக்குத் தொழிலாளியின் லயமும் பாஸ்போர்ட்டும் கண்ணில் பட்டன. எண்ணெய் நின்றால் உறைக்கிறது.

தோட்டத்தைவிட்டு எப்போதோ வெளியேறிவிட்டோம், நமக்கென்ன என்று ஜாசின் டவுனில் தே தாரிக் குடித்தபடி இதைப் படிப்பவருக்கும் ஒரு செய்தி. பெரிய செம்பனைக் கம்பெனிகளில் நம் சேமநிதியான ஈபிஎஃப் பங்கு வைத்திருக்கிறது. ஈபிஎஃப்பில் உங்கள் பணம் இருக்கிறது, என் பணமும் இருக்கிறது. 2024-க்கு 6.30 விழுக்காடு ஈவுத்தொகை அறிவித்தபோது வாட்ஸாப்பில் கைதட்டினோம். மூன்று நாள் எம்.சி. போட்டு லைட் டூட்டிக்கு உட்காரவைத்த காலும், நடாமல் விட்டிருக்கவேண்டிய அந்த இரண்டு வரிசை மரமும் நம் கணக்கில் வரவு வைத்தாகிவிட்டன. சென் கணக்கில்தான் வரும், ஆனால் வரும். அடுத்த ஆண்டறிக்கை வரும்போது முதல் பக்கத்தில் சிரிக்கும் ஹெல்மெட்காரர் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். ஹெல்மெட்டில் விலைச்சீட்டு கிழிக்காமல் இருக்கும்.